கடற்பாசியை அப்படியே செடிக்குப் போடலாமா? உப்பு என்னாகும்?

கேள்வி, 3 ஜூலை 2023

மணப்பாடு கடற்கரையில் பாசி குவியல் குவியலாக ஒதுங்கிக் கிடக்கிறது, அள்ளுவாரில்லை. இதே பாசியின் சாறு என்று சொல்லி உரக்கடையில் ஒரு புட்டியைச் சில நூறு ரூபாய்க்கு விற்கிறார்கள். சும்மா கிடப்பதை அள்ளி மாடித்தோட்டத்துப் பைகளில் போட்டால் என்ன? உப்பு செடியைக் கொன்றுவிடும் என்று வீட்டில் பயமுறுத்துகிறார்கள். போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஜூலை 2023

போட்டுப் பார்த்தவன் சொல்கிறேன். போடாதீர்கள். தூத்துக்குடியில் என் மொட்டைமாடியில் நான்கு மிளகாய்ச் செடிகள் செத்தன. உங்கள் வீட்டில் சொல்வதுதான் சரி.

5 ஜூலை 2023

எப்படிப் போட்டீர்கள், எவ்வளவு போட்டீர்கள் என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். சொல்கிறேன், சிரிக்கக் கூடாது. ஏப்ரலில் துறைமுகக் கடற்கரையிலிருந்து இரண்டு சாக்கு அள்ளி வந்தேன். கழுவவில்லை. காயவைக்கவும் இல்லை. ஈரத்தோடு செடியின் தூரைச் சுற்றி நான்கு விரற்கடை உயரத்துக்கு மூடாக்காகப் போட்டேன். இரண்டு வாரத்தில் இலையின் ஓரம் காய்ந்து பழுப்பானது, பிறகு நுனி கருகியது, மே பாதியில் வெறும் குச்சி. மண்ணின் மேல் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

9 ஜூலை 2023

அயர்லாந்தின் ஆரன் தீவுகளை உதாரணம் காட்டி ஒருவர் மடக்கியிருக்கிறார். நியாயமான மடக்கு. அங்கே பல இடங்களில் மண்ணே கிடையாது, வெறும் சுண்ணாம்புப் பாறை. கடல் மணலையும் பாசியையும் அடுக்கடுக்காகப் போட்டு, தலைமுறை தலைமுறையாக மண்ணை உண்டாக்கி, அதில் உருளைக்கிழங்கு விளைவித்தார்கள். ஜெர்சி தீவிலும் பாசியைக் கரையிலிருந்து வண்டி கட்டி அள்ளி வந்து வயலில் போட்டிருக்கிறார்கள். அங்கெல்லாம் உப்பு கொல்லவில்லையே?

அங்கே பெய்யும் மழையைப் பாருங்கள் ஐயா. இலையுதிர் காலத்தில் பாசியைப் பரப்பினால் குளிர்காலம் முழுக்க மழை நனைத்து உப்பைக் கீழே இறக்கிவிடும். வசந்தத்தில் கிழங்கு ஊன்றும்போது மிஞ்சுவது மட்கு. என் மாடியில் ஏப்ரல், மே மாதங்களில் வானத்திலிருந்து இறங்கியது வெயில் மட்டும்தான். உப்பு போக வழி எங்கே? ஆகவே என் பதிலைத் திருத்திக்கொள்கிறேன்: கழுவாமல் போடாதீர்கள்.

16 ஜூலை 2023

இன்று காலை மறுபடி கடற்கரை. இந்த முறை அள்ளும் முன் குந்தி உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன். வெட்கக்கேடு. சாக்கில் பாதிக்கு மேல் பாசியே கிடையாது. பச்சையும் பழுப்புமாக நாடா போல நீண்டிருந்ததை வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினேன். “இது தாழை. பாசி இல்லை” என்றார். தாழம்பூத் தாழை இல்லை, கடல்புல். வேர் உண்டு, பூ உண்டு, காய் உண்டு. தரையில் வளரும் புல்லுக்குத் தூரத்து உறவு. பாசிக்கு வேரும் இல்லை, பூவும் இல்லை. தாழை எளிதில் மட்காது. மூடாக்குக்கு ஆகும், உரச்சத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

அப்படியென்றால் ஏப்ரலில் நான் போட்டது எது? தெரிந்தால்தானே சொல்ல. நான் பிரித்தே பார்க்கவில்லை.

பெரியவர் இன்னும் சில பெயர்கள் சொன்னார். பழுப்பு நிறத்தில் சிறு சிறு காற்றுக்குமிழ்களோடு கொத்தாக இருப்பது கட்டக்கோரை, சர்காசம் என்று புத்தகத்தில் வருவது. தடித்துக் கொத்துக்கொத்தாக இருப்பது பக்கோடா பாசி. பெயர் வைத்தவரின் பசி புரிகிறது. மெல்லிய நூல்கற்றையாக இருப்பது கஞ்சிப்பாசி. உரத்துக்கு நமக்கு வேண்டியது பெரும்பாலும் கட்டக்கோரைதான், அதுதான் அதிகம் ஒதுங்குகிறது.

ஒரு எச்சரிக்கை. ஒதுங்கியதை மட்டும் அள்ளுங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகள் 21உம் கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் வருகின்றன. அங்கே இறங்கிப் பிடுங்கப் போய் வனத்துறையிடம் மாட்டிக்கொண்டு என் பெயரைச் சொல்லாதீர்கள். கரையில் கிடப்பதிலும் எல்லாவற்றையும் வழித்து எடுக்காதீர்கள். அதில் நண்டும் பூச்சியும் குடியிருக்கின்றன. வீட்டுக்கு வந்த சாக்கிலிருந்து ஐந்து குட்டி நண்டுகள் இறங்கி ஓடியதைப் பற்றி என் மனைவி தனியாக எழுதுவாள்.

17 ஜூலை 2023

பிரியாணிக்குப் போடும் கல்பாசியை ஊறவைத்து ஊற்றலாமா என்று கேட்டவருக்கு: அது பாறையிலும் மரத்திலும் வளரும் லைக்கன், பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர். கடலோடு அதற்குக் கொடுக்கல் வாங்கல் கிடையாது. குழம்பில் போடுங்கள்.

29 ஜூலை 2023

கழுவும் சோதனை. குடிநீர் பார்க்கும் டி.டி.எஸ். மீட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்பை மில்லிகிராமில் காட்டுவது. கட்டக்கோரை ஒரு பக்கெட், மாநகராட்சித் தண்ணீர் ஒரு பக்கெட். பத்து நிமிடம் அலசிவிட்டு மீட்டரை முக்கினேன். எண்ணே வரவில்லை. இந்த மலிவு மீட்டர் 9,990க்கு மேல் கைவிரித்துவிடும். கடல்நீரின் உப்பு லிட்டருக்கு 35 கிராம், அதாவது 35,000. அந்த ஈரம் பாசியோடு வந்திருக்கிறது. இரண்டாம் அலசலில் 4,100. மூன்றாவதில் 1,300. நான்காவதில் 700, அதற்குப் பிறகு பெரிதாக இறங்கவில்லை.

முதல் மூன்று அலசலில் போவது மேலே ஒட்டிய கடல் உப்பு என்று வைத்துக்கொண்டேன். அதற்குப் பிறகும் கசிவது பாசிக்குள் இருப்பது. அதில் பொட்டாசியமும் உண்டு. அது நமக்கு வேண்டிய சரக்கு. ஆகவே வெறிபிடித்து ஏழெட்டு முறை கழுவினால் உரத்தையே சாக்கடைக்கு அனுப்புகிறோம்.

நாளை ஆறு பைகளில் மிளகாய் நாற்று வைக்கிறேன். மூன்றில் மூன்று முறை கழுவிய பாசி, தொழுவுரத்தோடு கலந்து. மற்ற மூன்றில் தொழுவுரம் மட்டும்.

2 ஆகஸ்ட் 2023

உப்பளத்தில் மேஸ்திரியாக இருக்கும் என் மைத்துனர் மீட்டர் கணக்கைக் கேட்டுவிட்டுச் சொன்னது: “அத்தான், 25 டிகிரி வந்தால் சொல்லுங்கள், ஆள் அனுப்பி வாரிக்கொள்கிறேன்.” வெப்பம் இல்லை, நீரின் அடர்த்தி; அவர்கள் பாத்தியில் உப்பு விளையும் பதம் அது. பாசி கழுவிய நீரை வீட்டிலேயே ஆவியாக்கலாம் என்றும் யோசனை சொன்னார். இந்த ஊரில் உப்பைப் பற்றி யாரிடமும் பேசக் கூடாது.

13 ஆகஸ்ட் 2023

உடன்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர்: “எங்கள் தாத்தா தென்னைக்குப் பாசியைக் கழுவாமல்தான் போட்டார், மரம் நன்றாகத்தானே நிற்கிறது?” நிற்கும். தென்னை வேறு சாதி. அதற்குக் குளோரின் ஒரு தேவையான சத்து. தென்னம்பிள்ளை வைக்கும் குழியில் உப்புப் போடும் வழக்கம் சும்மா வரவில்லை. மணல் தரையாக இருந்தால் ஒரே மழையில் மிச்ச உப்பும் இறங்கிவிடும். கடலோரத்துக்காரர்கள் தலைமுறையாகத் தென்னைக்குப் போட்டதை அப்படியே மிளகாய்ப் பைக்குக் கொண்டுவந்ததுதான் நான் செய்த தப்பு. அவரையும் பீன்ஸும் உப்பென்றால் இன்னும் சுருண்டுகொள்ளும்.

20 ஆகஸ்ட் 2023

பாசி ஊறல் செய்வது எப்படி என்று கேட்டிருந்தீர்கள். செய்யக் கூடாத முறையைச் சொல்கிறேன்.

பிளாஸ்டிக் டிரம்மில் பாதிக்குப் பாசி, மேலே தண்ணீர், இறுக்கமாக மூடி, மூன்று வாரம். இன்று திறந்தேன். அழுகிய முட்டை நாற்றம் மாடிப்படி வழியாக இறங்கித் தெருவுக்குப் போனது. கீழ்வீட்டு மதினி கழிவுநீர்த் தொட்டி நிரம்பிவிட்டதென்று லாரிக்குச் சொல்லிவிட்டார்கள். லாரி வந்த பிறகுதான் நான் உண்மையை ஒப்புக்கொண்டேன். லாரிக்காரருக்குக் காசு நான் கொடுத்தேன்.

காற்றில்லாமல் அழுகினால் பாசியிலுள்ள கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வெளியேறும். விளையாட்டில்லை, மூடிய இடத்தில் அது நஞ்சு. கரீபியக் கடற்கரைகளில் 2011 முதல் சர்காசம் மலைமலையாக ஒதுங்கி அழுகும்போது மக்கள் தலைவலி, குமட்டல் என்று படுவதும் இதே வாயுவால்தான். ஆகவே மூடியைத் தளர்வாக வையுங்கள், தினமும் கிளறிவிடுங்கள், அல்லது ஊறலே வேண்டாம், மட்கவையுங்கள். உலர்ந்த இலைச் சருகோடு கலந்தால் நாற்றம் பெரும்பாலும் எழாது.

3 செப்டம்பர் 2023

நேற்று இராமநாதபுரம் மாவட்டம் வளமாவூரில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்காவுக்கு மத்திய அமைச்சர் அடிக்கல் நாட்டியிருக்கிறார். 127 கோடி ரூபாய்க்கு மேல். இழைக்குக் கொஞ்சம் வெளியே போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடையில் விற்கும் திரவத்தில் ஒரு பங்கு மண்டபம் பக்கத்துப் ‘பெப்சி பாசி’யிலிருந்து வருவது. கப்பாஃபைகஸ் என்பது அறிவியல் பெயர். பெப்சி நிறுவனம் 2000ஆம் ஆண்டையொட்டி மண்டபம் பகுதியில் ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால் ஊர் வைத்த பெயர் அது. நிறுவனம் விலகிப் பல காலம் ஆகிறது, பெயர் விலகவில்லை. மூங்கில் மிதவையில் கட்டித் தொங்கவிட்டால் 45 நாளில் அறுவடை. பச்சையாகவே அரைத்துப் பிழிந்தால் சாறு உரத்துக்கு, சக்கை காராஜீனன் எடுக்க. ஐஸ்கிரீமும் பற்பசையும் கெட்டியாக நிற்பதற்கு அந்தக் காராஜீனன். ஒரே பாசியிலிருந்து இரண்டையும் எடுக்கும் இந்த முறையை உருவாக்கியது பாவ்நகரில் இருக்கும் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம். பெயரிலேயே உப்பு.

இது நம் கடல் பாசி கிடையாது, பிலிப்பைன்ஸ் பக்கத்துச் சரக்கு. 2008இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவுப் பவளப்பாறைகள் மேல் இது போர்வை போலப் படர்ந்திருப்பது பதிவாயிற்று. போர்த்தப்பட்ட பவளம் வெளிச்சமில்லாமல் சாகும். ‘இயற்கை உரம்’ என்று புட்டியில் பச்சை இலை படம் போட்டிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வருகிறது. மறுபுறம், பாம்பன் பக்கத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, பாறையில் கைகால் கிழிய முங்கிக் காட்டுப்பாசி எடுப்பதையும் பார்த்திருக்கிறேன். மிதவை வளர்ப்பில் அந்தப் பாடு குறைவு. எது நல்லது என்று தீர்ப்பெழுத எனக்குத் தகுதியில்லை. நான் நாலு மிளகாயைக் கொன்றவன்.

10 செப்டம்பர் 2023

“பாசி போட்டால் வேறு உரமே வேண்டாமா?” வேண்டும், வேண்டும். உலர்ந்த பாசியில் தழைச்சத்து (நைட்ரஜன்) ஏறக்குறைய ஒரு சதவீதம். கடலைப் பிண்ணாக்கில் 7. மணிச்சத்து (பாஸ்பரஸ்) பாசியில் பேருக்குத்தான். சாம்பல்சத்து (பொட்டாசியம்) மட்டும் நன்றாக இருக்கிறது. பச்சைப் பாசியின் எடையில் பத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் சுமந்து வந்த 20 கிலோ சாக்கில் உலர்ந்தபின் 2 கிலோ.

அப்படியென்றால் சாறு தெளித்த வயல்கள் எப்படித் தேறுகின்றன? சாற்றில் சைட்டோகைனின், ஆக்சின் போன்ற வளர்ச்சி ஊக்கிகள் மிக நுண்ணிய அளவில் இருக்கின்றன. அவை வேரையும் துளிரையும் தட்டி எழுப்பும். எழுந்தவனுக்குச் சோறு போடுவது தொழுவுரமும் பிண்ணாக்கும். நெல், கோதுமை சோதனைகளிலும் பரிந்துரைத்த உரத்தோடு சேர்த்துத்தான் சாற்றைத் தெளித்துப் பார்த்திருக்கிறார்கள், உரத்தை நிறுத்திவிட்டு இல்லை. 2021இல் உரக் கட்டுப்பாட்டு ஆணையைத் திருத்தியபோது கடற்பாசிச் சாற்றை உரம் என்று சேர்க்காமல் ‘பயோஸ்டிமுலன்ட்’ என்ற தனி வகையில் வைத்ததும் இதனால்தான். உயிர்த்தூண்டி என்று சொல்லலாம்.

திரவமாக்கும் வித்தையே ஒரு தோல்வியில் பிறந்தது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் சணல் தட்டுப்பாடு. பாசியிலிருந்து நார் எடுக்கலாமா என்ற முயற்சியில் இருந்தவர் ரெஜினால்ட் மில்டன். நார் உருப்படவில்லை. பாசியைக் கரைக்கும் வழியைத் தோட்டத்துக்குத் திருப்பி, 1940களின் கடைசியில் திரவ உரமாக்கினார். சாக்கு தைக்கப் போய்ச் செடிக்கு ஊற்ற வந்த சரக்கு.

8 அக்டோபர் 2023

இப்போது ஒரு சங்கடமான குறிப்பு.

ஜூலை 30இல் வைத்த ஆறு பைகள். ஆறிலும் இலை ஓரம் பழுப்பு. பாசி போட்ட மூன்றிலும், போடாத மூன்றிலும். வரிசையாக நிற்கவைத்தால் எது எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

ஒரு மணி நேரம் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிறகுதான் பார்த்தேன், பாசி வாடையே படாத செம்பருத்தியிலும் அதே ஓரக் கருகல். கறிவேப்பிலையிலும். எத்தனை மாதமாக இருக்கிறதோ. வெயில் என்று நினைத்துக் கடந்திருக்கிறேன்.

மீட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் போர்வெல் குழாயில் பிடித்தேன். 2,850. குடிக்க வல்லநாட்டிலிருந்து வரும் தாமிரபரணித் தண்ணீர், செடிக்குப் போர்வெல் என்பது இந்த வீட்டில் பத்து வருட ஏற்பாடு. கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஊற்றுவேன். ஒரு பைக்கு வேளைக்கு இரண்டு லிட்டர் என்றால் நாளொன்றுக்கு 4 லிட்டர், அதில் 11 கிராமுக்கு மேல் உப்பு. மாதத்துக்கு 340 கிராம்! தண்ணீர் ஆவியாகும், உப்பு எங்கே போகும்? பை வடியாதபடி அளந்து ஊற்றுவதைச் சிக்கனம் என்று பெருமையாக வேறு நினைத்திருந்தேன்.

அலசல் நீருக்கெல்லாம் மீட்டர் பிடித்தவன், தினமும் ஊற்றும் தண்ணீருக்கு மூன்று மாதம் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் கழுவாமல் போட்ட பாசியும் ஒரு கை கொடுத்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் இந்த இழையின் முதல் வரியில் நான் அடித்துச் சொன்னதை அப்படியே திரும்பப் பெறுகிறேன்.

9 அக்டோபர் 2023

ஆமாம், உப்பளத்து மைத்துனருக்குத் தெரிந்துவிட்டது.

15 அக்டோபர் 2023

மீட்டரைப் பற்றி ஒரு திருத்தம். ஜூலை 29 குறிப்பில் எண்ணை மட்டும் பார்த்துப் பேசினேன். இந்த மீட்டருக்கு எல்லா உப்பும் ஒன்றுதான். சமையல் உப்பின் சோடியமும் பொட்டாசியமும் ஒரே எண்ணாகத்தான் காட்டும். பெப்சி பாசிச் சாற்றில் சோடியத்தைவிடப் பொட்டாசியம் அதிகம். ஆகவே சாற்றில் 2,000 வந்தால் அதுவும், போர்வெல்லில் 2,000 வந்தால் அதுவும் ஒரே கெடுதல் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதற்காகச் சாற்றை நீர்க்காமல் தெளிக்கவும் வேண்டாம். புட்டியில் போட்ட அளவுக்கு மேல் போனால் இலை கருகும். மாலையில் தெளியுங்கள்.

24 டிசம்பர் 2023

நலம் விசாரித்தவர்களுக்கு நன்றி. உயிரோடு இருக்கிறோம். 17, 18ஆம் தேதி மழையைப் பற்றிச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். இங்கே அவ்வளவு இல்லை, ஆனால் கீழ்வீட்டில் இடுப்பளவுத் தண்ணீர். மதினி குடும்பம் ஐந்து நாள் எங்களோடு மாடியில். மின்சாரம் இல்லை. பாசி டிரம் மிதந்து போய்விட்டது. எந்தத் தெருவில் ஒதுங்கியதோ, திறந்தவர் என்னை மன்னிக்கட்டும்.

மதினிதான் சொன்னார்கள்: “டிரம் போனது ஒன்றுதான் இந்த வெள்ளத்தில் நல்லது.”

பைகளைப் பற்றிப் பேசும் மனநிலை இல்லை. பிறகு.

21 ஜனவரி 2024

பிறகு என்றேனே, இதோ. மாடியில் பைகளெல்லாம் இரண்டு நாள் மழையில் கொட்டக் கொட்ட வடிந்தன. ஜனவரி முதல் வாரம் ஒரு பையில் நல்ல தண்ணீர் ஊற்றி, அடியில் வடிந்ததை அளந்தேன். 420. அக்டோபரில் இதே பையின் வடிநீர் 6,000ஐத் தாண்டியிருந்தது. நான் ஆரன் தீவு மழை என்று எழுதினேன் அல்லவா, அது எனக்கே வந்தது, இந்த விலையில் யாரும் கேட்கவில்லை.

ஆறு செடியும் மறுதுளிர் விட்டிருக்கின்றன. ஓரக் கருகல் புதிய இலையில் இல்லை. மழை உரச்சத்தையும் சேர்த்துக் கழுவியிருக்கும் என்பதால் எல்லாவற்றுக்கும் ஒரு கை பிண்ணாக்கு. பாசிப் பைகள் மூன்றும் முந்தித் துளிர்த்தன, பூவும் முந்தி வந்தது. மண்ணைக் கையில் எடுத்தால் உதிராமல் ஈரம் தாங்கி நிற்கிறது. பாசியிலுள்ள ஆல்ஜினேட் என்ற பசைப்பொருள் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பார்கள். கண்ணால் பார்த்துவிட்டோம் என்று எழுத உட்கார்ந்தேன்.

“அந்த மூன்று பையும் தண்ணீர்த் தொட்டி நிழலில் அல்லவா இருக்கின்றன?” என்றாள் மனைவி.

இருக்கின்றன.

17 மார்ச் 2024

மணப்பாட்டுக்காரர் திரும்பி வந்து, எட்டு மாதமாக எழுதுகிறீர்களே, போடலாமா கூடாதா என்று கேட்கிறார். உரிமையோடு கோபிக்கிறார், சரிதான்.

போடலாம். தாழையைத் தனியே எடுத்துவிட்டு, மூன்று முறை அலசி, சருகும் சாணமும் சேர்த்து மூன்று மாதம் மட்கவைத்து, மண்ணில் பத்தில் ஒரு பங்குக்கு மிகாமல். நான் இப்போது செய்வது இன்னும் சோம்பேறித்தனமானது: செப்டம்பரில் அள்ளித் திறந்தவெளியில் பரப்பிவிட்டு, வடகிழக்குப் பருவமழை கழுவட்டும் என்று விட்டுவிடுவது. கீரைக்கும் கிழங்குக்கும் ஆண்டுக்கு ஒரு முறைக்கு மேல் வேண்டாம். சர்காசம் போன்ற பழுப்புப் பாசிகள் கடல்நீரிலிருந்து ஆர்செனிக்கைச் சேர்த்துவைக்கும் பழக்கமுள்ளவை. செவ்வந்திக்கும் செம்பருத்திக்கும் தாராளமாகப் போடலாம். ஆனால் பாசியைத் தொடும் முன்பு உங்கள் கிணற்று நீரை அளந்து எனக்கு எண்ணைச் சொல்லுங்கள்.

அடுத்த வீட்டிலிருந்து நேற்று நோன்புக்குச் செய்த கடல்பாசி ஒரு தட்டு வந்தது, ரோஜா நிறத்தில், முந்திரி பதித்து. அதை உறையவைக்கும் அகரைத் தருவதும் கஞ்சிப்பாசி இனம்தான் என்று மனைவியிடம் விளக்க ஆரம்பித்தேன். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

பைகளை இடம் மாற்றி வைத்திருக்கிறேன். பாசி மூன்றும் வெயிலில், மற்ற மூன்றும் தொட்டி நிழலில். மீட்டரின் பேட்டரி தீர்ந்துவிட்டது. வாங்கியதும் எழுதுகிறேன்.